பாறைக்குப் பாரமில்லாமல்: கடற்பாறை ஏறப் போகும் கொங்குக்காரர்களுக்கு

பொங்கல் விடுமுறையில் ஐந்தாறு பேர் சேர்ந்து தாய்லாந்துப் பக்கம் பாறையேறிவிட்டு வரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் முதலில் விமான டிக்கெட்டைத்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது போல்ட்டை. கயிறும், காராபினரும் (வாய் திறந்து மூடும் உலோகக் கொக்கி), ஹார்னஸும் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) நம் கையில் இருப்பவை, பழுதானால் கண்ணுக்குத் தெரியும், மாற்றிக்கொள்ளலாம். பாறையில் ஏற்கெனவே பதித்து வைத்திருக்கும் போல்ட் அப்படியல்ல. ஏறுபவரின் முழு எடையும் அதில்தான் தொங்குகிறது, அதன் உள்பக்கத்தை யாராலும் பார்க்க முடியாது.

நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் செய்யும் 304 ரக எஃகு உப்புத் தண்ணீரைத் தாங்கும் என்றுதான் நினைப்போம். வெப்பமண்டலக் கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் அது தாங்குவதில்லை. அதைவிட உயர்ந்த 316 ரகமும் தாங்குவதில்லை. கடற்காற்றின் உப்பு, பாறையில் கசியும் நீர், சூடு, போல்ட்டுக்குள் இருக்கும் இழுவிசை எல்லாம் சேர்ந்து உலோகத்துக்குள் மயிரிழை விரிசலை ஓடவிடுகின்றன. வெளியே ஒன்றிரண்டு காவிப் புள்ளிகள் மட்டும் தெரியும், சில சமயம் அதுவும் தெரியாது. ஆள் தொங்கும் எடைக்கே முறிந்த போல்ட்டுகள் உண்டு. கவிந்து நிற்கும் பாறையில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே மழை பட்டு உப்பைக் கழுவுவதில்லை. இதனால்தான் தாய்லாந்தின் ரைலே, டோன்சாய் பகுதியின் பல வழித்தடங்களில் பழைய எஃகு போல்ட்டுகளை எடுத்துவிட்டு டைட்டானியம் போல்ட்டுகளைப் பசை வைத்துப் பதித்திருக்கிறார்கள். டைட்டானியம் போல்ட் மங்கிய சாம்பல் நிறத்தில் வளையமாகப் பாறைக்குள் போகும், தட்டும் நட்டும் இருக்காது, துருக்கறை வழியாது. தட்டு வைத்து நட்டு முடுக்கியிருந்தால் அது எஃகாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆகவே வழிகாட்டியிடம் முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: நாங்கள் ஏறப்போகும் வழித்தடங்களில் எல்லா போல்ட்டும் டைட்டானியமா, உச்சி ஆங்கரும் (தடத்தின் உச்சியில் கயிறு மாட்டி இறங்கும் இடம்) சேர்த்தா? இந்தத் தடத்தில் ஆம், அந்தத் தடத்தில் மூன்றாவது போல்ட் பழசு, அதனால் அங்கே போகமாட்டோம் என்று பிரித்துச் சொல்பவரிடம் பணம் கட்டுங்கள். எல்லாமே பாதுகாப்புதான் என்று ஒரே வரியில் முடிப்பவரை விட்டுவிடுங்கள். அங்குள்ள துளைகளில் மாட்டிக் கட்டிய பழைய நாடாக்களும் இதே கணக்குத்தான். வெயிலும் உப்பும் தின்ற நைலான் பார்க்க நன்றாக இருந்தாலும் நம்பக்கூடாது.

எந்தக் கரை, எந்த மாதம்

தாய்லாந்தின் தென்கோடிக்கு இரண்டு பக்கமும் கடல், இரண்டுக்கும் மழைக்காலம் வேறு. மேற்கே அந்தமான் கடற்கரையில் இருக்கும் ரைலே, டோன்சாய், பீபீ தீவுகள் தென்மேற்குப் பருவமழையில் நனைகின்றன. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஏறலாம். கிழக்கே வளைகுடாவில் இருக்கும் கோ தாவ் தீவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அடைமழை. பொங்கல் விடுமுறைக்கு ரைலே நன்றாகப் பொருந்தும். தீபாவளிக்கு இரண்டு கரையுமே சந்தேகம்தான். பள்ளி விடுமுறை என்று ஏப்ரல் கடைசியில் போனால் வியர்வையில் கை நிற்காது.

ரைலே உண்மையில் தீவு அல்ல, நிலத்தோடு ஒட்டிய முனை. சுண்ணாம்புப் பாறை மதில்போல் மறித்து நிற்பதால் சாலை கிடையாது. ஆவ் நாங் கரையிலிருந்து லாங்டெயில் படகில் 10 முதல் 15 நிமிடம். முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டியிருக்கும் என்பதால் 20 லிட்டர் நீர்புகாப் பை ஆளுக்கு ஒன்று போதும், சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம்.

பாறையின் குணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோ தாவில் இருப்பது கருங்கல், பெரிய பெரிய உருண்டைகள். நம்மூர்க் கரடுகளில் சரிந்த பாறையில் பாதத்தை அப்பி நடந்து பழகியவருக்கு அது சொந்தக்காரர் வீடு மாதிரி. ரைலேயில் அந்தப் பாதம் பாதிதான் உதவும். அங்கே பாறை செங்குத்து, பல இடங்களில் வெளியே கவிந்தது. ஓட்டைகளும், மேலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளுமே பிடிமானம். விரலும் முழங்கையும் முதுகும் வேலை செய்யும்.

கடலின் ஏற்றவற்றம் தெரியாமல் ரைலேயில் எதுவும் நடக்காது. ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது, மறுநாள் அதே நிலை சுமார் 50 நிமிடம் தள்ளி வருகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். தினசரிக் காலண்டரில் அந்த இரண்டு நாளையும் குறித்துக்கொண்டு போனாலே பாதித் திட்டம் முடிந்தது. வற்றும்போது ரைலே கிழக்குக் கரை சேற்றுத் திட்டாகிவிடும், படகு வெகுதூரத்தில் நிற்கும். ரைலே மேற்கிலிருந்து டோன்சாய்க்குக் கரையோரமாக நடந்து போக முடிவதும் வற்றும்போது மட்டும்தான். காலையில் நடந்து போய் மாலையில் திரும்பும் வழி தண்ணீருக்குள் போய்விடும் என்பதைப் பலர் அங்கே போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஊரிலேயே முடிக்க வேண்டியது

பாறைக்குக் குறைந்த சேதம் செய்பவர் யார் என்றால், ஊரில் பழகிவிட்டு வந்தவர். பழகாதவர் ஒரே பிடியில் பத்து முறை வழுக்குகிறார், காலால் பாறையைச் சுரண்டுகிறார், பயத்தில் சாக் பொடியை (கை வியர்வைக்குப் பூசும் வெள்ளைப் பொடி) அள்ளி அப்புகிறார், ஒரு தடத்தை ஒரு மணி நேரம் அடைத்து வைக்கிறார். எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள். வாரம் இரண்டு நாள் தொங்குவதும் இழுப்பதும், உள்ளரங்கச் சுவர் கிடைத்தால் ஒரு நாள் அங்கே, ஒரு நாள் முடிச்சும் பிலேயும் (கீழே நின்று ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக்கொள்வது). விரலின் தசைநாண் தசையைவிட மெதுவாகத்தான் பலமாகும். எனவே கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் கடுமையாக்காதீர்கள்.

கரட்டில் பழகுவது என்றால் இடம் பார்த்துத்தான். சங்ககிரியும் நாமக்கல்லும் கோட்டை நிற்கும் மலைகள், தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ளவை. திருச்செங்கோடு, சென்னிமலை கோயில் மலைகள். புகலூர் ஆறுநாட்டார் மலையிலும் அறச்சலூரிலும் பாறையிலேயே தமிழி எழுத்து வெட்டியிருக்கிறது. சமணர் படுக்கையோ எழுத்தோ இருக்கும் பாறையில் சாக் கை படவே கூடாது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் தாங்கிய கீறலைத் தேய்க்க ஒரு தூரிகை போதும். மீதமுள்ள கரடுகளில் வனத்துறையிடமோ ஊர்க்காரரிடமோ கேட்டு அனுமதி வாங்குங்கள். கவிந்த பாறையில் மலைத்தேனீ அடை தொங்குகிறதா என்று கீழிருந்தே பாருங்கள். அடை இருந்தால் அன்றைக்கு அந்தப் பாறை நமக்கில்லை. தாய்லாந்திலும் அதே மலைத்தேனீ உண்டு, அங்கேயும் இதே விதி.

முடிச்சு எட்டு வடிவ முடிச்சு. முதலில் தனி எட்டு போட்டு, கயிற்றின் முனையை ஹார்னஸின் முன்புறம், இரு கால் வளையங்களையும் இணைக்கும் இடத்திலும் இடுப்புப் பட்டையிலும் உள்ள இரண்டு கட்டுமிடங்கள் வழியாகவும் விட்டு, போன வழியே திரும்பப் பின்னுங்கள். வால் ஒரு சாண் மிஞ்ச வேண்டும். இரண்டிரண்டு இழையாக ஐந்து சோடி எண்ணிப் பாருங்கள், ஒரு சோடி குறைந்தால் அவிழ்த்துத் திரும்பப் போடுங்கள். முடிச்சு போடும்போது யாரும் பேச்சுக் கொடுக்காதீர்கள். பாதி போட்டுவிட்டுத் திரும்பிப் பேசி, மீதியை மறந்து ஏறியவர்களில் நன்றாக ஏறத் தெரிந்தவர்களும் உண்டு.

கூப்பிடும் சொல்லில் தமிழருக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. கயிற்றை இழுத்துப் பிடிக்க ‘இறுக்கு’ என்றும், கீழே விட ‘இறக்கு’ என்றும் சொல்லிப் பழகுகிறார்கள். அலைச் சத்தத்திலும் படகு மோட்டார் சத்தத்திலும் 25 மீட்டர் கீழே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். ஒன்றுக்கு மற்றொன்றைச் செய்தால் ஆள் போய்விடுவார். எங்கள் பரிந்துரை மூன்றே சொல்: இழுத்துப் பிடிக்க ‘பிடி’, கயிறு தளர்த்த ‘கயிறு’, இறக்க ‘கீழே’. சொல்லுக்கு முன் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரே சுவரில் நாலு கயிறு தொங்கும்போது ‘மாப்ள, கீழே’ என்றால் நாலு மாப்பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். கீழே நிற்பவர் அதே சொல்லைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் மேலே இருப்பவர் கையை விடலாம். வழிகாட்டிக்கும் இந்த மூன்று சொல்லை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுங்கள், சந்தோஷமாகக் கற்றுக்கொள்வார்கள்.

கொண்டு போவது: ஏறும் காலணி, ஹார்னஸ், ஹெல்மெட், சாக் உருண்டை (பொடியைத் துணிக்குள் கட்டியது), தேங்காய் நார் மாதிரி இல்லாத மென்மையான தூரிகை, ஒரு பழைய துண்டு, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் இரண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம். கயிறும் குயிக்டிராவும் (போல்ட்டில் கயிற்றை மாட்டும் இரட்டைக் கொக்கி) வழிகாட்டியுடையதே போதும், பெட்டிக் கனமும் மிச்சம். சாக் உருண்டையைக் கடை உறையோடு செக்-இன் பெட்டியில் வையுங்கள். பயணக் காப்பீட்டில் கயிறு கட்டிப் பாறையேறுவது விலக்கா என்று விலக்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பல காப்பீடுகளில் சாகச விளையாட்டு விலக்காகவே இருக்கும், தனியாகச் சேர்க்க வேண்டும்.

சுவருக்குக் கீழே

ஆறு பேருக்கு இரண்டு வழிகாட்டி என்பது நல்ல கணக்கு. ஒரு கயிற்றில் மூன்று பேர்: ஒருவர் ஏற, ஒருவர் பிலே பிடிக்க, ஒருவர் பார்த்துக்கொள்ள. பன்னிரண்டு பேராகப் போனால் ஒரே சுவருக்கு எல்லோரையும் கூட்டிப் போகாதீர்கள். ஒற்றையடிப் பாதை வண்டித்தடமாகிவிடும், அடிவாரச் செடி செத்துவிடும், மண் பெயர்ந்து முதல் மழையிலேயே கடலுக்குப் போகும். கிழக்குப் பார்த்த சுவருக்கு மதியத்துக்கு மேல், மேற்குப் பார்த்த சுவருக்குக் காலையில். நிழலில் ஏறினால் சாக்கும் குறைவாகச் செலவாகும்.

ஏறும் முன் காலணியின் அடியைத் துடைப்பதுதான் இந்தப் பயணத்தில் நீங்கள் செய்யும் மிகச் சிறிய, மிக உபயோகமான வேலை. கடற்கரை மணல் ஒட்டிய காலணி உப்புத்தாள் மாதிரி. சுண்ணாம்புப் பாறை மென்மையானது, ஒவ்வொரு ஆள் ஏறும்போதும் பிடிமானம் கொஞ்சம் மழமழப்பாகும். ரைலேயில் ஆரம்பநிலைத் தடங்களில் கால் வைக்கும் இடங்கள் கண்ணாடிபோல் பளபளப்பதற்கு வருடக்கணக்கான அந்தத் தேய்ப்பே காரணம். பழைய துண்டைச் சுவரின் அடியில் விரியுங்கள். வெறுங்காலை உதறி அதன்மேல் உட்கார்ந்து காலணி மாட்டுங்கள். ஈரத்துணியால் அடியைத் துடைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேயுங்கள். ரப்பர் கீச்சென்று கத்தினால் சுத்தம். அங்கிருந்து மணலில் கால் படாமல் நேராகப் பாறைக்கு ஏறுங்கள்.

கயிறும் மணலில் கிடக்கக்கூடாது, அதற்கும் ஒரு விரிப்பு. மணல் புகுந்த கயிறு அறுவை வாள்போல் உலோகத்தைத் தின்னும். அதனால் உச்சி ஆங்கரில் குழு முழுக்க ஏறி இறங்குவதற்குச் சொந்தக் காராபினர் இரண்டை வாய் எதிரெதிராக இருக்கும்படி மாட்டி அதில் கயிறு ஓடவிட வேண்டும். கடைசியாக ஏறும் ஒருவர் மட்டும், பெரும்பாலும் வழிகாட்டி, அவற்றைக் கழற்றிவிட்டு நிலையான வளையம் வழியாக இறங்குவார். ஆறு பேரும் நிலை வளையத்திலேயே இறங்கினால் அடுத்த சில வருடத்தில் அந்த வளையத்தை மாற்ற யாரோ செலவு செய்ய வேண்டும்.

ரைலேயில் 30 மீட்டரைத் தாண்டும் தடங்கள் உண்டு. 35 மீட்டர் உயரத்திலிருந்து இறக்க 70 மீட்டர் கயிறு வேண்டும், 60 மீட்டர் கயிறு எட்டாது. கயிறு தீர்ந்து முனை பிலே கருவி வழியாக வழுவிப்போய் ஆள் விழுவது உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கும் விபத்து. கீழ்முனையில் ஒரு முடிச்சு போட்டுவைத்தால் நடக்காது. வழிகாட்டி போட்டிருப்பார் என்று விடாமல் நீங்களும் தொட்டுப் பாருங்கள். பிலே பிடிப்பவரைவிட ஏறுபவர் 20 கிலோவுக்கு மேல் கனமென்றால், விழும்போது பிடிப்பவர் மேலே தூக்கப்பட்டு முதல் போல்ட்டில் மோதுவார். ஜோடி மாற்றுங்கள், அல்லது அவரைத் தரையில் கட்டி நிறுத்த வழிகாட்டியிடம் கேளுங்கள்.

சாக்கை உருண்டையாகப் பயன்படுத்துங்கள், பொடியாக வேண்டாம். ஈரக் காற்றில் பொடி குழம்பாகிப் பிடியில் அப்பும், அடுத்தவருக்கு வழுக்கும், மழை படாத கவிப்பில் வருடக்கணக்கில் வெள்ளையாக நிற்கும். இறங்கும்போது நீங்கள் தொட்ட பிடிகளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டே வாருங்கள். கம்பித் தூரிகை கூடவே கூடாது. கால் வைக்கும் இடம் தெரிய வெள்ளைக் கோடு போட்டிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். விரலில் சுற்றிய டேப்பின் துண்டுகள் இலைக்கு நடுவில் காணாமல் போகும், பாக்கெட்டில் போடுங்கள். சுண்ணாம்பு விழுதுகளை ஆட்டிப் பார்க்காதீர்கள். விரல்களால் தட்டினால் போதும், பானை மாதிரி பொள்ளலாக ஒலித்தால் அதில் தொங்க வேண்டாம். கிணறு வெட்டுகிறவர்கள் பாறையைத் தட்டிக் கேட்பது போலத்தான்.

காலைக்கடனைத் தங்குமிடத்திலேயே முடித்துவிட்டு வாருங்கள். அவசரம் என்றால் குழி தோண்டிப் புதைப்பது அங்கே தீர்வல்ல. சுண்ணாம்புப் பாறை ஓட்டையும் விரிசலுமாக இருப்பதால் மண்ணில் வடிகட்டப்படாமல் எல்லாம் நேராக ஊற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேரும். மூடி போட்ட உறையில் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். கடலை மிட்டாயும் முறுக்கும் டப்பாவில் மூடியே இருக்கட்டும். குரங்குக்கு ஒரு நாள் கொடுத்தால் மறுநாள் வேறு யாருடைய பையையோ கிழிக்கும்.

சில தீவுக் குகைகளில் உழவாரன் இனப் பறவைகள் கூடு கட்டுகின்றன, அந்தக் கூட்டை எடுக்க அரசு குத்தகை கொடுத்திருக்கிறது, காவலும் உண்டு. அங்கே இறங்கவே கூடாது. படகுக்காரர் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

தண்ணீரின் மேல் ஏறுவது

கயிறில்லாமல் ஏறிக் கடலில் விழும் விளையாட்டை அங்கே டீப் வாட்டர் என்கிறார்கள். சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இதில் ஆசை அதிகம் வரும். ஆனால் நம் கிணற்றின் ஆழம் நமக்குத் தெரியும், தண்ணீர் அசையாது. கடலில் ஆழம் மணிக்கு மணி மாறும். கடல் ஏற்றத்தின் உச்சியை ஒட்டி மட்டும், வழிகாட்டி நீந்திக் கீழே பார்த்த பிறகு மட்டும் ஏறுங்கள். முதல் நாளில் 5 மீட்டருக்கு மேல் வேண்டாம். கால் இரண்டும் ஒட்டி, கை உடம்போடு ஒட்டி, நேராகப் பாதம் முதலில் விழ வேண்டும். கரணம் போடுவதும், உட்கார்ந்த மாதிரி விழுவதும் இங்கே முதுகெலும்பை வாங்கும். விழுந்ததும் பாறையை விட்டு விலகி நீந்துங்கள், மேலே அடுத்தவர் இருப்பார்.

படகு நங்கூரம் பவளத்தின் மேல் விழக்கூடாது. மிதவை இருந்தால் அதில் கட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் மணல் தரையில். ஏறத் தொடங்கும் முன் பவளத்தின் மேல் நிற்காமல் படகிலிருந்தே பாறையைப் பிடியுங்கள். வெயிலுக்குக் களிம்பு பூசிக் கடலில் கரைப்பதைவிட முழுக்கைச் சட்டை மேல்.

திரும்பி வந்து

ரைலேயிலும் தீவுகளிலும் நல்ல தண்ணீர் அரிது. அங்கே வாளி வாளியாக ஊற்றிக் கழுவாதீர்கள். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து நிழலில் காயவைத்துப் பையில் போடுங்கள், முழுக் கழுவல் ஊருக்கு வந்துதான். அதையும் போர்த் தண்ணீரில் செய்ய வேண்டாம், கொங்கில் பல ஊர்களில் அதுவும் உப்புத்தான். குடிக்கிற நல்ல தண்ணீரில் காராபினர்களை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வாயைத் திறந்து மூடிக் கீல்வழியே உப்பை வெளியேற்றுங்கள். காய்ந்த பிறகும் வாய் தானாக மூடாமல் பாதியில் நின்றால் மெழுகு கலந்த மசகு ஒரு சொட்டு விடுங்கள், அதற்கும் மூடாவிட்டால் அது இனி சாவிக்கொத்து மாட்டத்தான் ஆகும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்து, நகத்தால் தடவினால் குழி தட்டினாலும் அதே முடிவு.

ஹார்னஸைச் சோப்பில்லாமல் அலசி, வெயில் படாத திண்ணையில் கொடி கட்டிப் போடுங்கள். உங்கள் சொந்தக் கயிற்றைக் கொண்டு போயிருந்தால், இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து முழு நீளமும் மெதுவாக உருவிப் பாருங்கள். உள்ளே சப்பையாகத் தட்டுப்படும் இடத்தில் வளைத்துப் பார்த்தால் மற்ற இடம்போல் வட்டமாக வளையாமல் சட்டென்று மடியும். அந்த இடம் முனைக்குப் பக்கத்தில் இருந்தால் அதுவரை வெட்டிவிட்டு, மீதி எத்தனை மீட்டர் என்று முனையில் எழுதி ஒட்டுங்கள். நடுவில் இருந்தால் மாட்டுக் கொட்டகைக்குக் கொடுத்துவிடுங்கள்.